ஐரிஷ் மொழிப் பாட்டு கேட்க ராய்டியோ ந கேல்தக்தா எப்படி?

ஐரிஷ் இசை என்று தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. இல்லாவிட்டால் பிடிலும் குழலும் விரட்டும் நடன இசை. ஐரிஷ் மொழியிலேயே, பக்கவாத்தியம் இல்லாமல், ஒற்றைக் குரலில் பாடும் ஷான் நோஸ் பாட்டுதான் வேண்டும் என்றால், காசில்லாமல் கிடைப்பதில் முதலிடம் ராய்டியோ ந கேல்தக்தா என்ற ஐரிஷ் மொழி வானொலிக்குத்தான். அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ நடத்துவது. 1970இல் அயர்லாந்தின் மேற்கே கானமாராவில் சிலர் அனுமதி வாங்காமலே ஒரு ஐரிஷ் மொழி நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள். 1972 ஏப்ரலில் அரசு நிலையமே வந்துவிட்டது. அயர்லாந்துக்குள் பண்பலையில் கேட்கலாம். வெளியில் இருப்பவர்களுக்கு ஆர்டிஇயின் இணையதளமும் செயலியும் உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது இருபத்துநான்கு மணி நேரப் பாட்டு நிலையம் இல்லை. செய்தி, ஊர்ப் பேச்சு, விளையாட்டு வர்ணனை, மரண அறிவிப்பு எல்லாம் வரும். திறந்ததும் பாட்டு கேட்காவிட்டால் மூடிவிடாதீர்கள். நிகழ்ச்சி அட்டவணையில் இசை நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்து, ஒலிபரப்பான பிறகு தளத்தில் கேட்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். அட்டவணை அயர்லாந்து நேரப்படி இருக்கும். அங்கே மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அதை மறந்தால் ஒரு மணி நேரம் தவறிவிடும்.

இந்த நிலையத்தின் உண்மையான பலம் அதன் மூன்று கிளைகள். மேற்கே கானமாராவில் காஸ்லா, வடமேற்கே டானிகலில் டெரி பெகா, தென்மேற்கே கெர்ரியில் பால்ய ந நால். பாட்டு மரபும் ஏறக்குறைய இதே மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. கானமாராப் பாட்டில் ஒரு அசையைச் சுற்றி நாலைந்து சிறு சுரங்கள் உருளும். தாளக்கட்டு தளர்வாக இருக்கும். ஒரு கண்ணியில் வந்த அலங்காரம் அடுத்ததில் அப்படியே திரும்பாது. கமகத்தில் ஊறிய காது இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். டானிகல் பாணி நேரானது, அலங்காரம் குறைவு, தாளம் ஒழுங்கு. புதியவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. தெற்கே, கெர்ரி அடங்கிய மன்ஸ்டரில் குரல் அகலமாக விரியும், அதிர்வு கூடும். பாடுவது எந்த ஊர் என்று தெரியவில்லையா? அறிவிப்பாளர் நலம் விசாரிப்பதைக் கவனியுங்கள். 'கஜே மர் அதா தூ' என்றால் டானிகல், 'கே ஹீ வில் தூ' என்றால் கானமாரா, 'கொனஸ்' என்று தொடங்கினால் தெற்கு.

கேட்கும் கருவியிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒற்றைக் குரலில் மெல்ல இறங்கும் இடத்தைத் தூக்கி, எழும்பும் இடத்தை அமுக்கிவிட்டால் பாட்டு தட்டையாகிவிடும். ஊர் ஊராகப் போய் எடுத்த பழைய பதிவுகளில் இரைச்சல் உண்டு. அதைக் குறைக்கப் போனால் சிறு சுரங்களும் சேர்ந்து போகும். சில பாடகர்கள் கடைசி அடியைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி முடிப்பார்கள். ஒலிபரப்பு அறுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பெரிய குறை, வெளியாருக்கு எந்த உதவியும் கிடையாது. இந்தப் பாட்டுகள் கதையை வரிசையாகச் சொல்வதில்லை. நடந்தது கேட்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு துக்கத்தை மட்டும் பாடும். 1828இல் கொரிப் ஏரியில் படகு மூழ்கி இறந்தவர்களுக்காகக் கவிஞர் ராஃப்டரி கட்டிய பாட்டு அப்படித்தான். பின்னணியை அறிவிப்பாளர் சொன்னாலும் ஐரிஷில்தான் சொல்வார். இதற்கு மாற்று, ஷான் நோஸ் பாடகர் ஜோ ஹீனியின் இணைய ஆவணக்காப்பகம். கானமாராவின் கார்னாவில் 1919இல் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, 1984இல் மறைந்தவர் அவர். அங்கே பதிவு, வரிகள், ஆங்கில மொழிபெயர்ப்பு, குறிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதலில் அதில் படித்துவிட்டு வானொலிக்கு வந்தால் பலன் இரட்டிப்பு. டப்ளினில் இருப்பவர்கள் மெரியன் சதுக்கத்தில் உள்ள ஐரிஷ் மரபிசைக் காப்பகத்துக்கு நேரிலேயே போகலாம், கட்டணம் இல்லை.

ஆண்டுக்கு ஒரு இரவை மட்டும் நேரலையில் கேட்டே ஆகவேண்டும். அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஓரக்டஸ் என்ற ஐரிஷ் மொழிக் கலைவிழாவில் கோர்ன் ஈ ரீயடா போட்டி. ஷான் நோஸில் இதற்கு மேல் பரிசில்லை. கூட்டத்திலிருந்து பாடகரை நோக்கி எழும் 'மோ கியோல் ஹூ' என்ற சபாஷ் வேறு பதிவுகளில் இவ்வளவு சூடாகக் கிடைக்காது.

பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகளை இங்கே நம்ப வேண்டாம். அவை கடையில் வந்த ஒலித்தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. இங்கே ஒலிப்பது பலவும் நிலையத்தின் சொந்தப் பதிவு. அறிவிப்பாளர் பெயர் சொல்லும்போது எழுதிக்கொண்டு, ஐரிஷ் வடிவம், ஆங்கில வடிவம் இரண்டிலும் தேடுங்கள். ஷோசவ் ஓ ஹேனியும் ஜோ ஹீனியும் ஒரே ஆள்தான்.