கிரிச் டிராம் அருங்காட்சியகம்: வளைவு டிராம்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் டர்பிஷையர் மலைமேல், பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் இருக்கிறது கிரிச். பஸ்ஸோடு போட்டி போட 1930களில் ஊருக்கு ஊர் கட்டிய, மூலைகளில்லாமல் வளைந்த வழுவழுப்பான உடல் கொண்ட டிராம்களை அருகருகே வைத்து ஒப்பிட அருமையான இடம். வாசலில் ஒரு பழைய பென்னி காசு தருவார்கள். அதைக் கண்டக்டரிடம் கொடுத்து டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் பாதை. ஒரு நாளில் சில வண்டிகள்தான் ஓடும் என்பதால் எது ஓடுகிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகில் முதலிடம் லிவர்பூல் நகரத்தின் 869ஆம் எண் வண்டிக்குத்தான். 1936இல் கட்டியது. லிவர்பூல் டிராமை மூடிக்கொண்டு வந்தபோது கிளாஸ்கோ நகரம் வாங்கிய 46 வண்டிகளில் இதுவும் ஒன்று. கிளாஸ்கோ தண்டவாள அகலம் 1416 மி.மீ., வழக்கமான 1435 இல்லை. கப்பல் பட்டறைக்குப் போகும் ரயில் வேகன்கள் சக்கர விளிம்பால் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் உருள வேண்டும் என்பதற்காக வைத்த அளவு. அந்த 19 மி.மீ.க்காக, வாங்கிய ஒவ்வொரு வண்டியின் சக்கரங்களையும் நெருக்க வேண்டியிருந்தது. உள்ளலங்காரத்துக்குக் கிளாஸ்கோ 1282, 1940ஆம் வருட வண்டி. அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள்.

'பலூன்' என்று செல்லப்பெயர் பெற்ற இரண்டு தள வண்டி பிளாக்பூல் 249, 1934இல் பிரஸ்டனில் இங்கிலிஷ் எலக்ட்ரிக் கட்டியது. மேல்தளம் முதலில் திறந்தவெளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் கூரை போட்டார்கள். கதவு நடுவில் இருப்பதால் கூட்டம் சட்டென்று இறங்கும். ஆனால் படியைத் தாழ்வாக வைக்க அடிச்சட்டத்தை நடுவிலேயே வெட்ட வேண்டும், இரு முனைகளோ சக்கரத்தைத் தாண்டி நீளும். இந்த அமைப்பில் பலவீனம் அங்கேதான்.

டிராம்களைச் செப்பனிடும் பட்டறையை மேலிருந்து பார்க்கும் மாடத்தைத் தவறவிடாதீர்கள். இந்தக் காலத்து வண்டிகளில் மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்திருந்தால், இணைப்பில் தேங்கும் நீர் மரத்தை உள்ளுக்குள் உளுக்கச் செய்யும்; வெளியே பெயின்ட் பளபளக்கும். தட்டையான தகட்டை வெட்டி மாட்டிவிடலாம். இரண்டு பக்கமும் வளைந்த முகப்புத் தகட்டைக் கையால் தட்டித்தான் உருவாக்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

ஒரு குறை: கொட்டகையில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தியிருப்பதால் பக்கவாட்டுத் தோற்றம் முழுசாகக் கண்ணில் படாது. படம் எடுக்கத் தெருவில் ஓடும்போதுதான் வசதி.

ரயிலில் வந்தால் வாட்ஸ்டாண்ட்வெல்லில் இறங்கி மலை ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் காரில் வருவது நல்லது. வளைவு டிராம்களுக்குப் படி உண்டு. சக்கர நாற்காலிக்கு மாற்றியமைத்த பெர்லின் டிராம் ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.