டீ ட்ரீ ஆயில்: எண்ணெய் நன்று, துண்டுச்சீட்டை நம்பாதீர்கள்

பூஞ்சைகளை வளர்த்து அவற்றின் மேல் மருந்துகளையும் தாவரச் சத்துகளையும் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன். சித்தி மகள் ஒரு டீ ட்ரீ ஆயில் குப்பியைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, கேண்டிடாவுக்கு எதிரா லேப்ல சோதிச்சதுன்னு போட்டிருக்கு. அரிப்புக்கு உள்ளே வைக்கலாமா?" என்று கேட்டாள். கேண்டிடா என்பது பிறப்புறுப்பில் அரிப்பைத் தரும் ஈஸ்ட், அதாவது ஒற்றைச்செல் பூஞ்சை. 'உள்ளே' என்று அவள் கேட்டது பிறப்புறுப்புக்குள். அதே எண்ணெயை வாங்கி நானே சோதித்துப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இதே வாசகத்தோடு வேறு குப்பிகளும் விற்கின்றன, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எண்ணெயில் குறை இல்லை. மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுத்தது. வெளிச்சம் புகாத பழுப்புக் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி. கேட்டதும், எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் கேஸ் குரோமடோகிராஃபி அறிக்கையை அனுப்பி வைத்தார்கள். பூஞ்சையை அடக்குவதில் பெரும்பங்கு டெர்பினென்-4-ஆல் என்ற பொருளுக்குத்தான். அதன் அளவு, இந்த எண்ணெய்க்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4730க்குள் இருக்கிறது. தோலை உறுத்தும் என்று பலகாலம் கருதப்பட்ட சினியோலும் குறைவு. இந்த அளவுக்கு வெளிப்படையாக இருக்கும் விற்பனையாளர்கள் அபூர்வம்.

அப்புறம் சோதனை. விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள்: ஈஸ்ட் வளர்க்கும் ஜெல்லியான அகார் ஊற்றிய தட்டில் எண்ணெய் தோய்த்த காகித வில்லை, அதைச் சுற்றி ஈஸ்ட் வளராத பெரிய வட்டம். அந்த வட்டத்தை வைத்து எண்ணெயின் வீரியத்தை எடைபோட முடியாது. அகார் பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் அதற்குள் சரியாகப் பரவாது. ஆவியாகிப் போகும் எண்ணெயோ தொலைவில் உள்ள ஈஸ்டையும் தடுக்கும். அதனால் 96 குழித் தட்டில்தான் செய்தேன். ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம் (ஈஸ்ட் வளரும் திரவம்), குழிக்குக் குழி பாதியாகக் குறையும் எண்ணெய், மில்லிலிட்டருக்கு ஓரிரு ஆயிரம் ஈஸ்ட் செல்கள், 35 டிகிரியில் 24 மணி நேரம். எண்ணெய் தண்ணீரில் கலக்க ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்க்க வேண்டும். ட்வீன் மட்டும் உள்ள குழிகளையும் தனியே வைக்காவிட்டால் எது எதைத் தடுத்தது என்று தெரியாது. தட்டின் மேல் ஒட்டுப்படலம் போட்டு மூடுவதும் அவசியம். இல்லையென்றால் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவி, எண்ணெய் இல்லாத குழியிலும் வளர்ச்சி குறைந்துவிடும்.

கேண்டிடா அல்பிகன்ஸ் 0.25 சதவீத எண்ணெயில் வளராமல் நின்றது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது அடுத்த வரிசை. பூஞ்சைத் தொற்றுக்கு வழக்கமாகத் தரும் ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அசையாத ஒரு கேண்டிடா கிளப்ராட்டா வகையும் கிட்டத்தட்ட அதே அளவில் நின்றது. இந்தத் துறையில் இருப்பவர்கள் தாவர எண்ணெய்களை விடாமல் துரத்துவதற்குக் காரணம் இதுதான். ஃப்ளூகோனசோல், ஈஸ்டின் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பின் தயாரிப்பை நிறுத்துகிறது. இந்த எண்ணெயோ செல்லின் சவ்வையே நேராகக் குலைக்கிறது. ஒரு வழியை அடைத்துக்கொண்ட ஈஸ்டை இன்னொரு வழியில் பிடிக்கலாம்.

ஆனால் அந்த 0.25 சதவீதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 2,200 மைக்ரோகிராம் எண்ணெய். ஃப்ளூகோனசோலுக்கு 2 மைக்ரோகிராமிலேயே அடங்கினால்தான் அல்பிகன்ஸை 'மருந்துக்குக் கட்டுப்படும்' என்று எழுதுவோம். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம்! அத்தனை எண்ணெய் தேவைப்படும் இடத்தில் நம் செல்களுக்கும் சவ்வு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எர்கோஸ்டெரால் ஈஸ்டில் இருக்கிறது, நம் செல்களில் இல்லை. ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகளுக்கு அந்த வேறுபாடு பாதுகாப்பு. சவ்வைக் குலைக்கும் எண்ணெய்க்கு அந்த அளவு பாகுபாடு தெரியாது.

இங்கேதான் குப்பியோடு வரும் துண்டுச்சீட்டின் மேல் எனக்குக் கோபம். 'சில துளிகளைப் பஞ்சில் தோய்த்து இரவு முழுக்க உள்ளே வைக்கவும்' என்கிறது. நீர்க்காத எண்ணெய், அதாவது தட்டில் ஈஸ்டை நிறுத்திய அளவைப்போல 400 மடங்கு, மென்மையான சளிச்சவ்வில் மணிக்கணக்கில். எரிச்சல், புண், ஒவ்வாமை எல்லாம் வரலாம். திறந்த குப்பியில் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் ஆன எண்ணெய் ஒவ்வாமையை இன்னும் எளிதாகக் கிளப்பும். திறந்த பின் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று சீட்டில் ஒரு வரிகூட இல்லை. விழுங்கினால் நஞ்சு என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது.

தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்பிஎம்ஐ ஊடகத்தின் அமிலநிலை (பிஎச்) 7. பிறப்புறுப்பின் உள்ளே 4 சொச்சம், அதாவது அமிலம் அதிகம். அங்கே ஈஸ்ட் தனித்தனிச் செல்லாக மிதப்பதில்லை. இழைகளாக நீண்டு திசுவைப் பற்றிக்கொள்கிறது. பூண்டை எடுத்துக்கொள்வோம். தட்டில் அதன் சாறு கேண்டிடாவைப் பிரமாதமாக அடக்கும். 2014ஆம் ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 63 பெண்களைப் பிரித்து, பூண்டு மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். கேண்டிடா எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இயற்கைப் பொருள் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. இன்றும் பயன்படும் பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950இல் அதை அறிவித்தார்கள். அவர்கள் மண்ணைப் பொட்டலம் கட்டி விற்கவில்லை. வேலை செய்யும் மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள், அதன் நச்சுத்தன்மையைப் பார்த்தார்கள். டெர்பினென்-4-ஆலுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அரிப்புக்காக இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஈஸ்ட்தான் என்று தாங்களே முடிவு செய்த பெண்களை 2002இல் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கே ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியா தொடர்பான கோளாறு. அதற்கு மருந்தே வேறு. கர்ப்பிணிகளும், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை தொற்று திரும்பி வருபவர்களும் டாக்டரைப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

கம்பெனிக்கு எழுதி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். பஞ்சு வரியை எடுக்க வேண்டும். 'லேபில் சோதிக்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில் எந்த முறையில், எந்தச் செறிவில் என்று அச்சிட வேண்டும். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.