கத்தரிப்பூ நிறப் படலம்: ஒரு தொலைநோக்கியோடு நான்கு வருடம்

மன்னார்குடி நண்பன் போன் செய்தான். "நீ வச்சிருக்கிற அதே 102 எம்.எம். எஃப்/5 தொலைநோக்கி, விலை நல்லா இறங்கியிருக்கு. கோள் பார்க்கத்தான், வாங்கிடவாடா?" 102 எம்.எம். என்பது லென்ஸின் அகலம், எஃப்/5 என்றால் அதைப் போல் ஐந்து மடங்கு தூரத்தில் ஒளி குவியும். கும்பகோணத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு அது வந்து நான்கு வருடம் ஆகிறது. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, எழுதுகிறேன்.

அந்த ஊதாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெருக்கத்தைக் கூட்டினால் வியாழனைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு படலம் கிளம்பும். வெள்ளி இன்னும் மோசம், விளிம்பே கண்ணுக்குப் பிடிபடாது. சனியில் வெளிச்சம் குறைவு, அதனால் அவ்வளவாகத் தெரியாது. இவ்வகைத் தொலைநோக்கியில் இரண்டு லென்ஸ்களைச் சேர்த்துச் சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் குவிக்கிறார்கள். ஊதா மட்டும் தள்ளிக் குவிந்து படர்ந்துவிடுகிறது. குழல் நீண்டால் இது அடங்கும். 4 அங்குல லென்ஸுக்குக் குறைந்தது எஃப்/12 வேண்டும் என்பது பழைய கணக்கு, அதாவது ஒன்றேகால் மீட்டர் குழல். என்னுடையது அரை மீட்டர்தான். பைக்கில் மடியில் வைத்து அணைக்கரை வரை கொண்டுபோக முடிகிறது என்றால் அதற்கு நான் கொடுக்கிற விலை இந்த ஊதா.

காற்றும் நிறத்தைப் பிரிக்கும், உண்மைதான். ஆனால் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோளில், மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் தெரிந்தால்தான் அது காற்றின் வேலை. லென்ஸின் ஊதா நாலா பக்கமும் சூழ்ந்து நிற்கும். 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்தது. அது அப்போது மிதுனத்தில் இருந்ததால் நம்மூரில் நள்ளிரவில் ஏறக்குறைய 79 டிகிரி உயரத்தில், தலைக்கு மேலேயே நின்றது. லண்டன்காரர்களுக்குக்கூடக் கிடைக்காத உயரம். அங்கே காற்றின் மேல் பழி போட வழியே இல்லை. மார்கழிப் பனியில் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். படலம் அப்படியே இருந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மருந்துகள் உண்டு. மூடியில் உள்ள 50 எம்.எம். துளையை மட்டும் திறந்தால் எஃப்/10 ஆகிவிடும், ஊதா போய்விடும். கூடவே வெளிச்சத்தில் முக்கால் பங்கும், நுண்விவரமும் போய்விடும். 8-ஆம் எண் இளமஞ்சள் ஃபில்டர்தான் எனக்குப் பலித்தது. படலம் வடிந்து, வியாழனின் பட்டைகள் கூராகத் தெரிந்தன. எங்கள் அத்தை வியாழக்கிழமை தவறாமல் ஆலங்குடிக்குப் போகிறவர். முன்பு ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏம்ப்பா சுத்தி நீலமாப் புகையுது?" என்று கேட்டிருந்தார். ஃபில்டர் போட்டுக் காட்டியதும் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "குருவுக்கு மஞ்சள்தானேப்பா" என்றார். இத்தனை வருடத்தில் இந்தக் கருவி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைக் கேமரா பார்த்துவிடும். அதுவும் தள்ளிக் குவிவதால் கோள் உப்பிப்போகும். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் ஃபில்டரை மாட்டிய பிறகுதான் என் படங்கள் தேறின. இப்போது வீடியோவில் உள்ள படங்களிலிருந்து பச்சை நிறத்தை மட்டும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறேன். கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் என்னிடம் உள்ளவற்றில் மிகத் தெளிவான வியாழன் அதுதான்.

கார்த்திகைக் கூட்டத்தை இதில் பார்க்க வேண்டும். ஆறேழு நட்சத்திரம் என்று நாம் எண்ணுகிற இடத்தில் டஜன் கணக்கில் வைரம் இறைத்தது போல இருக்கும், ஊதாவின் தொல்லை அங்கே பெரிதில்லை.

ஆனால் நண்பன் கேட்டது கோள்களுக்காக. வாங்காதே. விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். 6 அங்குல நியூட்டன் வகை வாங்கு. இந்த நிறத் தொல்லைக்காகத்தான் நியூட்டன் 1668-இலேயே லென்ஸை விட்டுக் குழியாடிக்குப் போனார்.

"அப்ப உன்னோடதைக் குடுத்துடேன்" என்றான். தர மாட்டேன். தை அமாவாசைக்கு அதை அணைக்கரைக்கு எடுத்துப் போகிறேன்.