மலிவு விலையில் ஓபிஏ2134, ஏடி8307: வாங்கும் முன் படியுங்கள்

இணையக் கடை ஒன்றில் வாங்கிய ஓபிஏ2134 (ஆடியோவுக்கான ஆப்ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் ஐசி), ஒரு டியூப் (ஐசிகளை அடுக்கி விற்கும் பிளாஸ்டிக் குழாய்) முழுக்க டூப்ளிகேட். கடைப் பெயர் வேண்டாம். இதே சரக்கு பல பெயர்களில் சுற்றுகிறது. மேலே முத்திரை, தேதிக் குறியீடு எல்லாம் பக்கா. சர்க்யூட்டில் போட்டால் பாட்டும் வருகிறது. ஆனால் பீசோ பிக்கப் (இசைக்கருவியின் அதிர்வைச் சிக்னலாக்கும் சென்சார்) ப்ரீஆம்பில் (உள்ளீட்டில் 1 மெகா ஓம், கெயின், அதாவது பெருக்கம், 11) சிக்னலே இல்லாமல் வெளியீடு மைனஸ் 2.2 வோல்ட்டில் நிற்கிறது. விற்றவர் பதில்: "ஐசி ஓடுதே சார், உங்க சர்க்யூட்டைப் பாருங்க."

ஓடத்தான் செய்யும். எல்எம்358, என்இ5532, டிஎல்072, ஓபிஏ2134 ஆகிய ஆப்ஆம்ப்கள் நான்குக்கும் ஒரே 8 பின் அமைப்பு. விலை குறைந்ததன் தலையைத் தேய்த்து, கருப்புப் பூச்சு அடித்து, புதுப் பெயர் பொறித்தால் முடிந்தது. பல டிஜிட்டல் சிப்களில் உள்ளே அடையாள எண்ணைப் படிக்கலாம்; ஆப்ஆம்பில் படிக்க ஒன்றுமில்லை. பயாஸ் மின்னோட்டத்தை (சிப்பின் உள்சுற்றை இயங்கு நிலையில் வைப்பது) சாவி போட்டுப் பூட்டும் ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறது, இந்தப் பழைய 8 கால் ஐசிகளுக்கு அதனால் பயனில்லை.

அசிட்டோனில் துடைத்து எழுத்தோ பூச்சோ கரைந்தால் பெரும்பாலும் போலி. கரையாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. எனவே அளந்துவிடுங்கள்.

முதலில் சப்ளை இல்லாமல், மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து 2, 3 பின்களுக்கு நடுவே பாருங்கள். இரு திசையிலும் 0.6–0.7 வோல்ட் காட்டினால் அது என்இ5532 வகை: அதன் உள்ளீடுகளுக்கு இடையே எதிரெதிர் டயோடுகள் உண்டு.

அடுத்து பிரெட்போர்டு. இரண்டு 9 வோல்ட் பேட்டரி, நடுப்புள்ளி கிரவுண்ட். பின் 8 பிளஸ், பின் 4 மைனஸ். 1, 2 பின்களை இணையுங்கள். பின் 3-லிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். மெயின்ஸ் இரைச்சலை அடக்க அதன் குறுக்கே 10 நானோ ஃபாரட். மறுபாதியைச் சும்மா விடாதீர்கள்: 6, 7 இணைத்து, 5-ஐ கிரவுண்டில் போடுங்கள். பின் 1-இல் அசல் ஓபிஏ2134 சுழியிலிருந்து 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகாது, அதன் உள்ளீட்டு மின்னோட்டம் 5 பிக்கோ ஆம்பியர்தான். மைனஸ் 200 மில்லிவோல்ட் பக்கம் வந்தால் என்இ5532; கெயின் 11-இல் அதுவே மைனஸ் 2.2 வோல்ட். பிளஸ் 20–45 மில்லிவோல்ட் என்றால் எல்எம்358; அதன் பிஎன்பி டிரான்சிஸ்டர் உள்ளீட்டிலிருந்து மின்னோட்டம் வெளியே பாய்வதால் குறி மாறுகிறது.

டிஎல்072 மாறுவேடம் போட்டிருந்தால் இதில் தப்பிவிடும், அதுவும் ஓபிஏ2134 போல ஜேஃபெட் (மின்னோட்டம் மிகக் குறைவாக இழுக்கும் டிரான்சிஸ்டர்) உள்ளீடு கொண்டது. 1 மெகா ஓமையும் கெப்பாசிட்டரையும் எடுத்துவிட்டு, பேட்டரிகளின் குறுக்கே ஒரு பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). அதன் நடுக்காலை 10 கிலோ ஓம் வழியாகப் பின் 3-க்குக் கொடுத்து மைனஸ் சப்ளை வரை இறக்குங்கள். பழைய டிஎல்072 ஒரு கட்டத்தில் சட்டென்று பிளஸ் பக்கம் தாவும். ஓபிஏ2134 தாவாது.

ஏடி8307 ஒரு லாக் ஆம்ப்: சிக்னல் வலிமையை டெசிபெல் கணக்கில் வோல்ட்டாகத் தரும் ஐசி. அதைச் சோதிக்க சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். 5 வோல்ட் சப்ளையில் சுமார் 8 மில்லி ஆம்பியர் இழுக்கணும். உள்ளீட்டில் 52.3 ஓம் போட்டு 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால், மைனஸ் 44 டிபிஎம்முக்கு (1 மில்லி வாட்டை ஒப்பிட்ட டெசிபெல்) 1 வோல்ட், மைனஸ் 24-க்கு 1.5 வோல்ட் சுற்றி வரும். டெசிபெலுக்கு 25 மில்லிவோல்ட் கணக்கு. ஒரே ஒரு புள்ளியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், சரிவுதான் காட்டிக்கொடுக்கும்.

ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் இதெல்லாம் செய்யணும். சால்டர் பட்ட காலைப் பார்த்தால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். பிரெட்போர்டிலேயே மீட்டர் எண்ணோடு சேர்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.