பாபினுக்கு ஒரு தகனம்: ஐந்துக்கு மூன்றரை

நீளமாகப் படிக்கும் நிலையில் இல்லாதவர்களுக்காக, இந்த வளர்ப்புப் பிராணித் தகனக்கூடத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. உடலைத் தொட்டுத் தூக்குகிறவர்களுக்கும் உலையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் முழு மதிப்பெண். வரவேற்பு மேசைக்கும், அங்கே கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நினைவுப் பொருட்களுக்கும் பாதிகூடத் தரமாட்டேன். வீட்டில் ஓர் உயிர் போய், இதை எங்கே கொண்டுபோவது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இங்கே போகலாம். ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

நான் பெரம்பூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். பாபின் எங்கள் கடைப் பூனை. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம். மூன்று நிறம் என்றாலே அநேகமாகப் பெட்டைதான். வெட்டுத்துணி மூட்டைக்குள் குட்டியாகக் கிடந்தவள், பதினாலு வயது வரை அந்த மூட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. கறுப்பு ரவிக்கையில் பூனை முடி இருக்கிறது என்று சண்டை போட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அடுத்த முறை வரும்போது அவளுக்கு நெத்திலி கொண்டுவந்தார்கள்.

கடைசி வருடத்தில் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்க ஆரம்பித்தாள். உடம்பு இளைத்தது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவு, எகிறியிருந்தது. அந்த எண் ஏறுவது தெரியும்போதே சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்கு போயிருக்கும் என்றார் மருத்துவர். அதன் பிறகு வீட்டிலேயே தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினேன். ஊசி என் கைக்குப் புதிதில்லை. ஒரு விடியற்காலையில், ஓவர்லாக் இயந்திரத்துக்குக் கீழே, தானாகவே போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு முழம் மண்கூடத் திறந்து கிடையாது. ஊரில் நிலம் இருப்பவர்கள் புதைக்கலாம். ஆனால் மூன்று நான்கு அடி ஆழமாவது தோண்டவேண்டும். குறிப்பாக, வேதனை தாங்காமல் மருத்துவர் கையால் ஊசி போட்டு அனுப்பிவைத்த பிராணி என்றால் மேலோட்டமாகப் புதைக்கவே கூடாது. அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தோண்டித் தின்கிற தெருநாயும் கழுகும் சேர்ந்து சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்யவேண்டி வந்த நாடு இது.

ஆக, தகனம். விடியுமுன்பே தொலைபேசியில் அழைத்தேன். உடனே எடுத்தார்கள். இந்த இடத்தின் பெரிய பலம் அந்தத் தொலைபேசிதான். எடுத்த பெண் விலையைச் சொல்லவில்லை. "பேர் என்ன அம்மா?" என்று கேட்டுவிட்டு, செய்யவேண்டியதை நிதானமாகச் சொன்னார். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்குகிற வாக்கில் சுருட்டிப் படுக்கவையுங்கள். கண் மூடாது, அதற்காகப் பயப்படாதீர்கள். நீர் கசியலாம், அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் பழைய துண்டு போடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வயிற்றுப் பக்கம் வையுங்கள், மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். யாராவது இப்படிச் சொல்லித்தர மாட்டார்களா என்றுதான் அந்த நேரத்தில் மனம் தவிக்கும். இந்த ஒரு பேச்சுக்கே ஒரு மதிப்பெண்.

வண்டி அனுப்ப 1,200 ரூபாய் என்றார்கள். நாங்கள் ஆட்டோவில் போனோம். ஏறும்போதே ஓட்டுநரிடம் கூடையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது. எங்களுக்கு வாய்த்தவர் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

புறவழிச்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை. முன்னால் குளிர்சாதன அறை. சுவர் முழுக்க மேகமும் வானவில்லும் இறக்கை முளைத்த நாய்க்குட்டிகளும். பூனை ஒன்றுகூட இல்லை. நிரப்பச் சொன்ன படிவத்தில் இனம் என்ற கட்டத்தில் லாப்ரடார், பக், பொமரேனியன், நாட்டு நாய், மற்றவை. நான் மற்றவையில் குறியிட்டேன். மேசையில் இருந்த இளைஞர், "நாட்டுப் பூனைதானே?" என்று கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. விலையுயர்ந்த பூனையாக இருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரோ என்னவோ.

இப்போது பணக் கணக்கு. பலகையில் இரண்டே வரி: தனித் தகனம் 4,500, கூட்டுத் தகனம் 2,000. கூட்டு என்றால் பல உடல்களைச் சேர்த்து எரிப்பார்கள், சாம்பல் கிடைக்காது. அதில் மறைப்பு ஒன்றுமில்லை. கவனிக்கவேண்டியது 'தனி' என்ற வரியைத்தான். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது: சின்னப் பிராணிகளை ஒரே உலையில், நடுவே செங்கல் தடுப்பு வைத்து, இரண்டு மூன்றாக ஏற்றுவதையும் தனி என்றே கணக்கு வைக்கிறார்கள். சாம்பலைத் தனித்தனியாகத்தான் அள்ளுகிறார்கள். ஆனாலும் விசிறிக் காற்றில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். உலையில் அவள் மட்டும்தான் இருக்கவேண்டும் என்றேன். முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டார்கள், கூடுதல் பணமும் கேட்கவில்லை. மாலை வரை காத்திருக்கவேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். கேட்டால் செய்கிறார்கள். கேட்கத் தெம்பில்லாதவர் என்ன செய்வார்? அரை மதிப்பெண் இதற்காகக் குறைகிறது. பலகையில் மூன்றாவது வரி ஒன்றை எழுத எவ்வளவு சாயம் ஆகிவிடும்?

நல்ல பகுதி கொட்டகைக்குள் இருக்கிறது. கூடையை வாங்கிக்கொண்ட தம்பிக்கு இருபது வயதுக்குமேல் இருக்காது. தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து, தொங்காமல் தூக்கினான். மேடையில் விரித்திருந்தது வெளுக்காத காடாத் துணி. நான்கு ஓரமும் மடித்துத் தைத்தது. துணியைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அந்தத் துணியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாலை எடுத்து உடம்போடு சேர்த்து வளைத்து வைத்தான். கழுத்து மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நான் கொண்டுபோயிருந்த இரண்டு துணிகளையும் தடவிப் பார்த்து, பருத்தியை மட்டும் உள்ளே வைத்தான். "இது பாலியெஸ்டர் அக்கா, உருகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும்." தடவிப் பார்த்தே துணியைச் சொல்கிற பையன் என் கடையில்கூட எனக்கு அமையவில்லை.

பூ வைக்கலாம். கற்பூரம், ஊதுபத்தி கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்; யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பெரியவர், கிழட்டு நாயின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டே வெகு நேரம் இருந்தார். கொட்டகைக்குள் இருந்தவர்கள் அவரைப் பார்க்காதவர்கள்போல் தங்கள் வேலையைச் செய்தார்கள். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை மட்டும் இல்லை.

உலைக்காரர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார். எரிவாயு உலை. 800 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கிறார்கள். அடி அறையில் உடல். அதிலிருந்து எழும் புகையை எரித்து அடக்க இன்னோர் அறை. அதனால்தான் வெளியே வாடை இல்லை. பூனை என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆறுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஏற்றும்போதும் தட்டை வெளியே எடுக்கும்போதும் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்க்கலாம். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்துவதில்லை. நான் பார்த்தேன். பார்க்காமல் வந்திருந்தால் அந்தச் சாம்பல் யாருடையது என்ற சந்தேகம் எனக்குத் தீர்ந்திருக்காது. நாம் சாம்பல் என்று சொல்வது பெரும்பாலும் எலும்பின் சுண்ணாம்புச் சத்துதான். ஆறிய எலும்பை அரைத்துத் தருகிறார்கள். நோயில் மூன்று கிலோவுக்கு இறங்கியிருந்தவளுக்கு நூறு கிராம் அளவுதான் தேறியது. இவ்வளவுதானா என்று திகைக்காதீர்கள், அவ்வளவுதான் வரும்.

அந்த நூறு கிராமைப் போட்டுத் தந்த பைதான் எனக்கு ஆத்திரமூட்டியது. கறுப்பு வெல்வெட், உள்ளே லைனிங் இல்லை, ஓரம் அடிக்கவில்லை, ஒற்றைத் தையல், அதுவும் நீளத் தையல். பக்கவாட்டில் விரலை விட்டால் பிரிகிறது. இதற்கு 350 ரூபாய். வாங்காவிட்டால் பாலித்தீன் உறையில் தருவார்களாம். 'நினைவுச் செடி' என்று ஒரு தொட்டி 900 ரூபாய்: சாம்பலை மண்ணில் கலந்து அதில் துளசி நட்டுத் தருகிறார்கள். அந்தச் சாம்பலில் உப்பும் காரமும் அதிகம். சின்னத் தொட்டியில் மொத்தத்தையும் கொட்டினால் வேர் கருகும். துக்கத்தில் இருப்பவர் கையில் பட்டுப்போகப்போகிற செடியைக் கொடுத்து அனுப்புவது கொடுமை. வேண்டுமென்றால் பெரிய மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். வாங்கத் தகுந்தது ஒன்றே ஒன்று, 300 ரூபாய்க்கு மை ஒற்றிய பாதத் தடம். அதையும் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவைத்திருந்தால் காசு மிச்சம்.

பிறகு அந்தச் சான்றிதழ். தங்க நிற ஓரம், மேலே ஒரு நாயின் நிழலுருவம், நடுவில் 'உங்கள் அன்பு நாய் பாபி'. தொலைபேசியில் பெயரைக் கேட்டார்கள், படிவத்தில் பெரிதாக எழுதியும் கொடுத்தேன். கடைசியில் தாளில் வந்தது பாபி. திருத்தச் சொன்னேன். பாபின் என்று மாற்றினார்கள், நாய் என்ற சொல்லையும் எடுத்தார்கள். படத்தை மாற்ற மென்பொருளில் வழி இல்லையாம்.

என் அம்மாவின் ஊர் செங்கம் பக்கம். நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிற வட்டாரம். அங்கே எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் மாண்டான்; கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. எஜமானின் பெயருக்குப் பக்கத்திலேயே நாய்க்கும் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். உளியை வைத்துக்கொண்டு அந்தச் சிற்பிக்கு முடிந்தது, கணினியை வைத்துக்கொண்டு இவர்களுக்கு முடியவில்லை.

கட்டணத்தோடு ஒரு மனநல ஆலோசனை அழைப்பும் உண்டு என்றார்கள். ஒப்புக்கு இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பேசிய அம்மையார் விஷயம் தெரிந்தவர். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே கணக்கில் எடுக்காத துக்கங்களைப் பற்றி 1989-ல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினாராம். வளர்ப்புப் பிராணியின் சாவும் அதில் அடங்கும் என்றார். எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையை மூடிப்போட்டதற்கு அண்டை அயலார் காரணம் கேட்டார்கள், சொன்னதும் "ஓ, பூனையா?" என்றார்கள். துக்கம் விசாரிக்க ஆள் வராது, பதினாறாம் நாள் கிடையாது, எப்போது அழுகையை நிறுத்தலாம் என்பதற்கும் முறை கிடையாது. நெத்திலி கொண்டுவருகிற ஓர் அம்மா மட்டும் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

வரவேற்பறைச் சுவரில் துக்கத்தின் ஐந்து படிகள் என்று ஒரு சுவரொட்டி இருக்கிறது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அதைப் பற்றி அந்த அம்மையாரிடம் கேட்டேன். அந்த வரிசையை 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். பிரிவைத் தாங்குகிறவர்கள் அதே வரிசையில் ஏறி இறங்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்றார். பிறகு எதற்கு அதைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். தன்னிடம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் 'முன்னாலேயே கண்டுபிடித்திருக்கலாமோ' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதிலும் பூனை வளர்த்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். பூனை நோயை ஒளித்துவைக்கும். பலவீனத்தைக் காட்டினால் பகை வந்து கவ்வும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி. அழைப்பு ஒன்றுதான் இலவசம். அடுத்ததற்குக் கட்டணம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

சுருங்கச் சொன்னால், தனித் தகனத்துக்குப் பணத்தைக் கட்டுங்கள். 'உலையில் என் பிராணி மட்டும்தானே?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, அச்சிடும் முன் திரையில் காட்டச் சொல்லுங்கள். பருத்தித் துணி கொண்டுபோங்கள். சாம்பலுக்கு வீட்டிலிருந்தே மூடியுள்ள ஒரு பித்தளைச் செம்பை எடுத்துப்போங்கள், வாங்கிக்கொள்கிறார்கள். அலமாரியின் பக்கம் திரும்பவேண்டாம். அந்தத் தம்பி பணியில் இருக்கிறானா என்று விசாரித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

பையைப் பற்றி மேலாளரிடமே பேசினேன். லைனிங் போட்டு, ஓரம் அடித்து, இரட்டைத் தையலில் ஒரு பை 120 ரூபாய்க்கு என் கடையிலேயே தைத்துத் தருகிறேன், நூறாக எடுத்தால் இன்னும் குறைக்கலாம் என்றேன். மாதிரிக்கு ஒன்று தைத்தும் கொடுத்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லட்டும், அந்த மீதி ஒன்றரை மதிப்பெண்ணில் அரையைக் கூட்டிவிடலாம்.