ப்ளூடூத் கன்ட்ரோலரின் கச்சா தரவு: இவ்டெவ்வா, எல்2கேப்பா, எச்ஐடிராவா?

தேவை இதுதான்: லினக்ஸில் டூயல்ஷாக் 4-ஐ (பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர்) ப்ளூடூத்தில் இணைக்க வேண்டும், கைரோவை (சுழற்சியை அளக்கும் சென்சார்) படிப்பது, லைட்பார் (கன்ட்ரோலரின் விளக்குப் பட்டை) நிறத்தை மாற்றுவது இரண்டையும் என் பைத்தான் நிரலே செய்ய வேண்டும், சூடோ (ரூட் என்ற நிர்வாகி அதிகாரம்) இல்லாமல். நான் எச்ஐடிரா (சாதனம் அனுப்பும் தரவைப் பிரிக்காமல் அப்படியே தரும் கெர்னல் வழி) பக்கம் போனேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

பட்டன்கள் மட்டும் போதுமென்றால், கெர்னலே தரவைப் பிரித்துத் தரும் இவ்டெவ்வே போதும். ஜாய்ஸ்டிக் என்று சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை நிர்வாகி) அடையாளம் கண்டால் அனுமதியும் தானாகவே வந்துவிடும். ஆனால் கைரோ தனி ஈவென்ட் ஃபைலாக வருகிறது, அதற்கு அந்தச் சலுகை கிடையாது. உடனே எல்லோரும் சொல்வது, ‘இன்புட் குரூப்பில் சேர்ந்துவிடு’. சேர்ந்தால் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் எல்லா கீபோர்டையும் படிக்கலாம், பாஸ்வேர்டு உட்பட. ஒரு கைரோவுக்கு இது ரொம்ப அதிகம்.

எல்2கேப் (ப்ளூடூத்தின் அடிநிலைத் தரவு அடுக்கு) சாக்கெட்டை நேரடியாகத் திறப்பது பழைய வழி. நின்டெண்டோ வீயின் வீமோட்டுக்கு சிவீட் என்ற மென்பொருள் அப்படித்தான் செய்தது. ஆனால் 17, 19 ஆகிய இரண்டு பிஎஸ்எம்களிலும் (எல்2கேப்பின் போர்ட் எண்கள்), ப்ளூடூத்தை நிர்வகிக்கும் ப்ளூடூத்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதன் இன்புட் பிளகினை அணைத்தால் ப்ளூடூத் மவுஸும் சேர்ந்து போய்விடும். தவிர, கன்ட்ரோலர் தானாக வந்து இணையும்போது அந்த எண்களில் காத்திருக்கத் தனி அதிகாரம் வேண்டும். சுற்றி வந்து மறுபடி ரூட்டிலேயே நிற்கிறோம்.

எச்ஐடிராவில் ஒரே ஒரு யூடெவ் (சாதனம் இணையும்போது அனுமதியை அமைக்கும் பகுதி) விதி போதும். என் முடிவைத் தீர்மானித்ததும் அதன் பராமரிப்புதான். யூஎஸ்பிக்கு எழுதிய விதி இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் ஐடிவெண்டர் (தயாரிப்பாளர் எண்) என்ற பண்பே கன்ட்ரோலருக்கு ப்ளூடூத் பக்கம் இல்லை. பெற்றோர் சாதனத்தின் பெயரைத்தான் பிடிக்க வேண்டும். அது 0005:054சி:09சிசி.0007 என்ற மாதிரி இருக்கும். 0005 என்றால் ப்ளூடூத், அடுத்த இரண்டும் தயாரிப்பாளர், மாடல் எண்கள். ஹெக்ஸ் எழுத்துகள் பெரிய எழுத்தில் வேண்டும். புள்ளிக்குப் பின் வரும் எண் ஒவ்வொரு இணைப்புக்கும் மாறும், அங்கே நட்சத்திரக்குறி போடுங்கள். கடைசியாக யூஏக்சஸ் டேக், அதாவது கணினி முன் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு அனுமதி தரும் குறி. விதி இருக்கும் ஃபைலின் பெயரில் முதலில் வரும் எண் 73-க்குக் கீழே இருக்க வேண்டும். பலரும் பழக்கதோஷத்தில் 99 என்று வைத்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அனுமதி வழங்கும் விதி 73-லேயே ஓடி முடிந்திருக்கும். சரியாக அமைந்தால், அனுமதிகளைப் பட்டியலிடும் கெட்ஃபேசிஎல் கட்டளை உங்கள் பெயரைக் காட்டும். அப்புறம் ரீபூட் ஆனாலும், எச்ஐடிரா எண் மாறினாலும், அதைத் தொட வேண்டியதில்லை. 0666 என்று எல்லோருக்கும் திறந்து விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சும்மா கிடைப்பதல்ல இது. ரிப்போர்ட்டை (கன்ட்ரோலர் அனுப்பும் தரவுத் தொகுப்பு) பைட் பைட்டாக நீங்களே பிரிக்க வேண்டும். லைட்பாருக்கு யூஎஸ்பியில் 32 பைட் போதும், ப்ளூடூத்தில் 78. கடைசி நான்கு பைட்டில் சிஆர்சி32 (பிழை சரிபார்ப்பு எண்) தப்பாக இருந்தால் கன்ட்ரோலர் கண்டுகொள்ளாது, பிழைச் செய்தியும் வராது. கெர்னல் டிரைவரும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் திறந்திருக்கும் விளையாட்டுக்கும் அதே பட்டன்கள் போய்ச் சேரும்.

எல்இ (குறைந்த மின்சக்தி ப்ளூடூத்) சாதனங்களில் என் அனுபவம் குறைவு. ஒரு மவுஸில் மட்டும் பார்த்தேன், அங்கும் 0005 என்றே வந்தது. மானிட்டர் இல்லாத ராஸ்ப்பெர்ரி பையில் எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்கு யூஏக்சஸ் எதுவும் தராது. அங்கே தனியாக ஒரு குரூப் உருவாக்கி, அதே விதியில் அந்த குரூப்பையும் 0660 (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் மட்டும் அனுமதி) என்பதையும் கொடுத்துவிடுங்கள்.