பைரைட்டா பைஎல்எஸ்பியா, ஸ்பிங்க்ஸா எம்கே டாக்ஸா: கெட்டுப்போனால் எதைச் சரிசெய்வது சுலபம்?

டெர்மினலில் நிரல் பிசகில்லாமல் ஓடுகிறது. எடிட்டரைத் திறந்தால் முதல் இம்போர்ட்டுக்குக் கீழே நெளிநெளியாகக் கோடு. அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது. ஆவணத்தை பில்ட் செய்தால் பக்கம் வருகிறது, தலைப்பும் வருகிறது, அதற்குக் கீழே ஒரு ஃபங்க்ஷன்கூட இல்லை. பைத்தானில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டிலும் எப்போதாவது மாட்டியிருப்பார்கள். அதனால் எடிட்டருக்குப் பைரைட்டா பைஎல்எஸ்பியா, ஆவணம் தயாரிக்க ஸ்பிங்க்ஸா எம்கே டாக்ஸா, எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் வரும்போது எது தன் காரணத்தைச் சீக்கிரம் சொல்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

முதலில் எடிட்டர். எடிட்டரும் நிரலை அலசும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான விதிமுறையான லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டது. பைரைட்டும் பைஎல்எஸ்பியும் அப்படிப்பட்ட சர்வர்கள். அதன்படி எடிட்டர் ஒரு புரோகிராம், நிரலைப் புரிந்துகொள்ளும் சர்வர் தனியாக ஓடும் இன்னொரு புரோகிராம். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். நீங்கள் டெர்மினலில் ஒரு விர்ச்சுவல் என்விரான்மெண்டை, அதாவது அந்த ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைத்த பைத்தானையும் பேக்கேஜ்களையும், இயக்கி வைத்திருப்பீர்கள். எடிட்டரை மெனுவிலிருந்து திறந்திருந்தால் அதற்கு அந்தச் சேதியே தெரியாது. சர்வர் வேறொரு பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த சர்வராக இருந்தாலும் டெர்மினலில் பைத்தானைத் திறந்து ஸிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்ன பாதையைக் காட்டுகிறது, எடிட்டர் எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் வேறு எதையும் தேடவே வேண்டாம்.

பைரைட்டும் மைக்ரோசாஃப்டின் வேலைதான், 2019இல் வந்தது. டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டு நோட் ஜேஎஸ் மேல் ஓடுகிறது. உங்கள் நிரலை அது இயக்குவதே இல்லை, படிக்க மட்டும் செய்கிறது. எங்கெங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் பைத்தானைக் கூப்பிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதை டெர்மினலிலேயே வெர்போஸ் என்ற ஆப்ஷனோடு ஓட்டலாம் என்பது. எந்தெந்த ஃபோல்டரில் தேடியது என்று வரிசையாகச் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் உங்கள் என்விரான்மெண்டில் பேக்கேஜ்கள் நிறுவப்படும் சைட் பேக்கேஜஸ் ஃபோல்டர் இல்லையென்றால் பாதிச் சிக்கல் தீர்ந்தது; பைரைட்டின் கான்ஃபிக் ஃபைலில் வென்வ்பாத், வென்வ் இரண்டையும் எழுதினால் போதும்.

இம்போர்ட் பற்றிய குறையையும் அது இரண்டாகப் பிரித்துச் சொல்லும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் மிஸ்ஸிங் இம்போர்ட்ஸ். டைப் விவரம் உள்ள ஸ்டப் கிடைத்தது, நிஜமான பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் மிஸ்ஸிங் மாட்யூல் சோர்ஸ். யாம்ல் மாட்யூலில் இந்த இரண்டாவது அடிக்கடி வரும். ஸ்டப் பைரைட்டோடு கூடவே வருகிறது. பையாம்ல் பேக்கேஜை அந்த என்விரான்மெண்டில் நிறுவ நீங்கள் மறந்திருப்பீர்கள். வார்னிங்கின் பெயரை நிதானமாகப் படித்தாலே விடை தெரிந்துவிடும்.

பைரைட் தடுமாறும் ஒரு இடம் உண்டு. எடிட்டபிள் முறையில், அதாவது நகலெடுக்காமல் இருக்கும் இடத்திலிருந்தே ஓடும்படி, நிறுவிய சொந்த பேக்கேஜ். பேக்கேஜ் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸின் 64ஆம் பதிப்பு 2022இல் வந்தபோது அந்த முறை மாறியது. பேக்கேஜ் எங்கே இருக்கிறது என்ற விவரம், நிரல் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் இம்போர்ட் ஹூக்குக்குள் போய்விடலாம். எதையும் இயக்காத பைரைட்டுக்கு அது கண்ணில் படாது. எடிட்டபிள் மோடைக் கம்பாட் என்று கொடுத்து மறுபடி நிறுவினால் பழையபடி சாதாரணப் பாதை கிடைக்கும், கோடும் மறையும்.

பைஎல்எஸ்பி வேறு வகை. உள்ளே நிரலை அலசும் ஜெடாய் என்ற லைப்ரரி, அதைச் சுற்றிப் பல ப்ளகின்கள். எல்லாமே பைத்தானில் இருப்பதால் உள்ளே இறங்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்றது, கணினியில் நோட் ஜேஎஸ்ஸும் வேண்டாம். ஆனால் இதில் இரண்டு என்விரான்மெண்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சர்வர் நிறுவப்பட்ட இடம் ஒன்று, உங்கள் ப்ராஜெக்ட் இருக்கும் இடம் இன்னொன்று. டைப்களைச் சரிபார்க்கும் மைபை ப்ளகினை ப்ராஜெக்டுக்குள் நிறுவிவிட்டு, கருவிகளைத் தனித்தனி என்விரான்மெண்டில் நிறுவும் பிப்எக்ஸ் வழியாகப் பைஎல்எஸ்பியைத் தனியே வைத்திருந்தால் ப்ளகின் வேலையே செய்யாது. ப்ளகின் சர்வரோடு இருக்க வேண்டும்; பிப்எக்ஸில் அதற்கு இன்ஜெக்ட் கட்டளை இருக்கிறது. ப்ராஜெக்டின் பேக்கேஜ்களைக் காட்ட ஜெடாயின் என்விரான்மெண்ட் அமைப்பில் பாதையை எழுத வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் எர்ரர்கூட வராது, ஆட்டோகம்ப்ளீட் மட்டும் வராது. இந்த மௌனம்தான் எனக்குப் பைஎல்எஸ்பியில் பிடிக்காதது. அப்புறம், இரண்டு சர்வரையும் ஒரே ஃபைலில் ஓடவிடாதீர்கள். ஒரே குறை இரண்டு தடவை வரும், எது யார் சொன்னது என்றே புரியாது.

சரி, ஆவணத்துக்கு வருவோம். ஸ்பிங்க்ஸும் எம்கே டாக்ஸும் தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், சிக்கல் வரும்போது முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான். நிரலில் எழுதிய டாக்ஸ்ட்ரிங்குகளை, அதாவது ஃபங்க்ஷனுக்குள்ளேயே எழுதும் விளக்கங்களை, ஆவணமாக்குவது ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக். அது உங்கள் மாட்யூலை உண்மையிலேயே இம்போர்ட் செய்கிறது. எம்கே டாக்ஸில் அதே வேலையைச் செய்யும் எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் ப்ளகின், கிரிஃப் என்ற கருவி மூலம் முதலில் சோர்ஸ் ஃபைலைத்தான் படிக்கிறது.

ஸ்பிங்க்ஸ் 2008இல் பைத்தானின் சொந்த ஆவணத்துக்காகவே ஜார்ஜ் பிராண்டல் உருவாக்கியது. அதில் இம்போர்ட் தோற்றால் பில்ட் நிற்காது. ஒரு வார்னிங் ஓடிப்போகும், கடைசியில் பில்ட் வெற்றி என்று வரும், பக்கம் காலியாக இருக்கும். எனக்கு நடந்தது இது: என் கணினியில் ஆவணம் முழுதாக வந்தது, பில்ட் சர்வரில் ஒரு மாட்யூல் மட்டும் காலி. இரண்டு நாள் பாதைகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். லாக்கை மேலிருந்து வரிவரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த மாட்யூலின் மேல்மட்டத்திலேயே டேட்டாபேஸ் இணைப்பு திறக்கப்படுகிறது. என் கணினியில் டேட்டாபேஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே அது கிடையாது. இணைப்பை ஒரு ஃபங்க்ஷனுக்குள் நகர்த்தினேன், பக்கம் நிரம்பியது.

இது ஸ்பிங்க்ஸின் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இம்போர்ட் செய்தாலே வெளியே கைநீட்டும் மாட்யூல் நாளைக்கு டெஸ்டிலும் படுத்தும். ஸ்பிங்க்ஸ் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. ஆட்டோடாக்கில் மாக் இம்போர்ட்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நிறுவ முடியாத பெரிய லைப்ரரிகளுக்குப் போலியை வைத்து ஒப்பேற்றலாம். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் சொந்த நிரலின் தவறை மூடவும் அதையே எடுத்தால், தவறு அங்கேயேதான் இருக்கும். பில்ட் கட்டளையில் பெரிய டபிள்யூ ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் வார்னிங் எல்லாம் எர்ரராகும். நான் முதல் நாளிலேயே அதைச் செய்யாமல் விட்டேன்.

ஸ்பிங்க்ஸில் ஒரு பக்கத்தின் தலைப்பை மாற்றியும் மற்றப் பக்கங்களின் பக்கப்பட்டி பழையதையே காட்டினால், பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பழைய நினைவை வைத்துக்கொண்டு மாறிய பக்கத்தை மட்டும் அது திரும்ப எழுதுகிறது.

எம்கே டாக்ஸில் டேட்டாபேஸ் கதை சாதாரணமாக வராது. மார்க்டவுனில் எழுதலாம், சேமித்ததும் பிரௌசரில் மாற்றம் தெரியும். மாட்யூல் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் நிரல் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் இருக்கும். பாத்ஸ் அமைப்பில் அதைச் சொல்ல வேண்டும். பாராமீட்டர்ஸ் என்று எழுதி அடியில் கோடு போடும் நம்பை பாணியில் டாக்ஸ்ட்ரிங் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் அதைக் கூகுள் பாணி என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது பாராமீட்டர்ஸ் என்ற சொல்லும் அதன் கீழே உள்ள கோடுகளும் மார்க்டவுனின் கண்ணில் ஒரு தலைப்பாகிவிடும், பக்கத்தின் நடுவே பெரிய எழுத்தில் வந்து நிற்கும். டாக்ஸ்ட்ரிங் ஸ்டைலை நம்பை என்று மாற்றினால் அட்டவணையாகிவிடும். நிரல் ஓடும்போது உருவாகும் ஃபங்க்ஷன்கள், சோர்ஸை மட்டுமே படிக்கும் கருவிக்குத் தெரியாது. அவற்றுக்கு ஃபோர்ஸ் இன்ஸ்பெக்ஷன் என்ற அமைப்பைப் போட்டால் கிரிஃப்பும் இம்போர்ட் செய்து பார்க்கும், ஆட்டோடாக்கின் தொல்லைகளும் கூடவே வரும்.

என் தேர்வு இதுதான். எடிட்டரில் பைரைட், அதில் எனக்குத் தயக்கமில்லை. சுத்தமான பைத்தானில் எழுதிய சிறிய லைப்ரரிக்கு எம்கே டாக்ஸ். சி மொழியில் எழுதிய பகுதி (சி எக்ஸ்டென்ஷன்) உள்ளதற்கும், ஃபங்க்ஷன்களை மாற்றியமைக்கும் டெக்கரேட்டரால் பாதி உருவாகும் நிரலுக்கும் ஸ்பிங்க்ஸ். அந்த டேட்டாபேஸ் ப்ராஜெக்டில் இன்றும் ஸ்பிங்க்ஸ்தான். ஆனால் பில்டுக்கு முன்னால், டேட்டாபேஸ் இல்லாத கணினியில் அந்த மாட்யூலை வெறுமனே இம்போர்ட் செய்து பார்க்கும் ஒரே ஒரு வரி ஓடுகிறது.